வடிவாம்பாள் வராத விழா

அந்தக் கறுப்பு அங்கிக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை பொத்தான்கள் இருந்தன. பட்டம் வாங்குகிறவர்கள் உடுத்தும் அங்கிக்குப் பொத்தான் கிடையாது. முன்பக்கம் திறந்தே இருக்கும். மலாக்காவில் காஜா பேராங் பக்கத்துத் தமிழர் யாருக்கும் அன்றைக்கு அது தெரியாது. வடிவாம்பாள் தன் மகன் மாணிக்கவாசகத்துக்காக அதைத் தைக்கக் கொடுத்தபோது, ஜாலான் பெண்டஹாராவில் கடை வைத்திருந்த தையல்காரர் நடராஜன், "அது எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

"கறுப்பா, காலு வரைக்கும் இருக்குமாம். கையி அகலமா இருக்குமாம்" என்றாள் அவள்.

நடராஜன் தன் வாழ்நாளில் பார்த்திருந்த கறுப்பு நீள அங்கி ஒன்றே ஒன்று. அது தேவாலயத்துப் பாதிரியார் போட்டுக்கொண்டு போவது. அதே மாதிரி தைத்துக் கொடுத்துவிட்டார். பட்டமளிப்பு விழாவுக்குரிய அங்கியைப் பல்கலைக்கழகத்திலேயே இரவல் கொடுப்பார்கள் என்பதும் வடிவாம்பாளுக்குத் தெரியவில்லை. தீபாவளிக்கு வேட்டி எடுக்கிற மாதிரி, பிள்ளைக்குப் புதுசு வீட்டில்தானே எடுக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள்.

மாணிக்கவாசகம் அதை உடுத்தவில்லை. மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருஷம், கடைசிப் பரீட்சை எழுதின கையோடு சிங்கப்பூரில் டைபாய்டு காய்ச்சல் கண்டு இறந்துபோனான். அவன் தேறிவிட்டான் என்கிற செய்தி, காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு வந்து சேர்ந்தது.

காஜா பேராங்கிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் தமிழ்ப் பையன் அவன். அதனால் அங்குள்ள தமிழர் படிப்பகத்தார் ஆண்டுதோறும் நடத்துகிற பட்டதாரிகள் பாராட்டு விழாவில் அவன் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். வடிவாம்பாள் எழுந்து மேடைக்குப் போய் மாலையை வாங்கி, அங்கே வைத்திருக்கும் மகனின் படத்துக்குப் போடுவாள். அப்புறம் அந்த வருஷம் பட்டம் வாங்கினவருக்கு, தான் தேய்த்துக் கொண்டுவந்த அங்கியைக் கொடுப்பாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ சரியான அங்கியைப் போட்டுவிட்டு வந்தவர்கள்கூட, ஊருக்கு வந்ததும் இந்தப் பாதிரியார் அங்கியைப் போட்டுக்கொண்டுதான் நின்றார்கள். ஒருத்தரும் அவளிடம் பொத்தானைப் பற்றிச் சொல்லவில்லை. கடைசியாக, புதிதாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பெற்றவர்கள் திருநீறு பூசுவார்கள். வடிவாம்பாளும் பூசுவாள். அவள் கைதான் ராசியான கை என்றுகூட முதல் இரண்டு வருஷம் பேசிக்கொண்டார்கள்.

அப்படி அவள் திருநீறு பூசி அனுப்பின பையன் சேதுராமன். தீபாவளிக்கு ஊருக்கு வந்துகொண்டிருந்தபோது தம்பின் என்கிற ஊர்ப் பக்கம் பஸ் கவிழ்ந்தது. இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். படிப்பு நின்றுபோயிற்று. இப்போது கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு படிப்பகத்துக்கு வந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறான்.

அதன் பிறகுதான் பேச்சு மாறியது.

"அந்தம்மா கையா பஸ் ஓட்டுச்சி?" என்று சேதுராமன் எல்லோரிடமும் கேட்டான். அவன் போன பிறகு, "பாவம், அவனுக்கே புரியல" என்றார்கள்.

அடுத்த வருஷத்து விழா நெருங்கியபோது பட்டப் படிப்பில் தேறி வந்திருந்தவன் ஜெயபாலன் ஒருவன்தான். புதிதாகப் போகிறவளும் ஒருத்திதான். அவள் பூங்காவனம். காஜா பேராங்கிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிற முதல் பெண் பிள்ளை.

பூங்காவனத்தின் அப்பா கலியாணசுந்தரம், நகராண்மைக் கழகத்துத் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் மண்டோர், அதாவது மேஸ்திரி. அந்தச் சந்து முனையில் இருக்கும் பொதுக்குழாயை ஆட்களை வைத்துப் பதித்தவர் அவர். யாராவது குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து போய்ச் சத்தம் போடுவார். அவர் தம்பி உட்படச் சொந்தக்காரர்கள் எல்லோரும், "பொட்டப் புள்ளைய கோலாலம்பூருக்கு அனுப்பிட்டு நீ இங்க கொழா பதி" என்று கேலி பேசியிருந்தார்கள். அவர் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டார். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. போகட்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் வேலை முடிந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவர் சொன்னார்:

"போகட்டும்னு சொல்லிட்டேன். அதுல மாத்தமில்ல. ஆனா ஒண்ணு."

"இன்னும் என்ன ஒண்ணு?" என்றாள் பூங்காவனத்தின் அம்மா பொன்னம்மா. "அதான் வெள்ளப் பூ வந்திருச்சில்ல?"

"பூ வந்துச்சி. நாளைக்கி அந்தம்மா வந்தா?"

பொன்னம்மா எந்த அம்மா என்று கேட்கவில்லை.

"நான் மேடைக்கி வந்து இவளுக்குத் திருநீறு பூசணும். தாலி அறுத்தவங்க, பெத்த புள்ளையயும் தூக்கிக் குடுத்தவங்க. அவங்க எதிர்ல நின்னா நான் மேடை ஏற மாட்டேன். நான் ஏறலன்னா இவ போகல. அவ்வளவுதான்."

"அப்பா, நான் அத்தை வீட்டுல உக்காந்துதானே படிச்சேன்?" என்றாள் பூங்காவனம். வடிவாம்பாளை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அது உண்மை. இவர்கள் வீட்டில் ஒரே அறை. அதில் தம்பி தங்கைகளோடு ஆறு பேர். வடிவாம்பாள் வீட்டில் மாணிக்கவாசகத்தின் மேசை இருந்தது. அவன் புத்தகங்கள் இருந்தன. மேலே தொங்குகிற விளக்கை வடிவாம்பாள் இவளுக்காக இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டியிருந்தாள். சிக்ஸ்த் ஃபார்ம் என்கிற புகுமுக வகுப்பு முடிகிற வரையில் பூங்காவனம் அங்கேதான் படித்தாள். வடிவாம்பாள் கடைக்கு மசாலா இடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். பரீட்சை நெருங்கினால், பெண்ணுக்குத் தும்மல் வருமென்று மிளகாயைப் பின்பக்கம் கொண்டுபோய் இடிப்பாள்.

"அதனாலதான் நீயே போயி சொல்லுன்றேன்" என்றார் கலியாணசுந்தரம். "நான் சொன்னா அவங்களுக்கு மனசு கஷ்டமாயிரும். நீ சொன்னா கேட்டுக்குவாங்க. அப்படியே அந்த அங்கியயும் வாங்கிட்டு வந்துரு. ஜெயபாலனுக்கு வேணும்ல."

"ஆளு வேணாம், அங்கி மட்டும் வேணுமா?"

"வாய்க்கு வாய் பேசாத. பொட்டப் புள்ளைய படிக்க வெக்கக் கூடாதுன்னு உன் சித்தப்பன் சொன்னது சரிதான் போல."

அதற்கு மேல் பூங்காவனம் பேசவில்லை. பேசினால் என்ன போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் போனபோது வடிவாம்பாள் அங்கியைத் தேய்த்து முடித்து, கழுத்துப்பட்டையின் உட்புறம் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். புதுத் துணிக்கு வைப்பது மாதிரி ஒவ்வொரு வருஷமும் வைப்பாள். ஒவ்வொரு வருஷமும் துவைத்து அதைப் போக்கிவிட்டு மறுபடியும் வைப்பாள்.

"வாடி கோலாலம்பூர்க்காரி! சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்க. நில்லு, இப்படித் திரும்பு. ஒருவாட்டி போட்டுப் பாத்துருவோம்."

"எனக்கெதுக்கு அத்தை? ஜெயபாலன் அண்ணனுக்குத்தானே?"

"அவன் கெடக்குறான், பனமரம். அவனுக்குக் கரண்ட கால் வரைக்கும்தான் வரும். இன்னும் மூணு வருஷத்துல நீ போடணும்ல. எவ்வளவு மடிச்சித் தெக்கணும்னு பாக்கணும். கையத் தூக்கு."

பூங்காவனம் கையைத் தூக்கினாள். அங்கி கனமாக இருந்தது. கரி இஸ்திரிப் பெட்டியின் சூடு இன்னும் அதில் ஆறவில்லை. வடிவாம்பாள் கழுத்தடியிலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"மாணிக்கம் என்ன சொல்லுவான் தெரியுமா? நான் படத்துல நல்லாவே விழமாட்டேம்மா, மூக்கு பெருசுன்னுவான். உனக்கு அந்தக் கவலை இல்ல. இருக்கிறதே தெரியாத மூக்கு."

"அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. நேரா நில்லு."

"அப்பா சொல்லி அனுப்பினாரு."

"என்னவாம் மண்டோருக்கு? கொழாயில தண்ணி ஜாஸ்தியா புடிச்சிட்டனா?"

"நாளைக்கி விழாவுக்கு... நீங்க வர வேணாம்னு."

வடிவாம்பாளின் விரல்கள் நெஞ்சுக்கு நேரே இருந்த பொத்தானில் நின்றன. அவள் தலையைத் தூக்கவில்லை.

"சேதுராமன் சமாச்சாரமா?"

"ம்."

"நானும் நெனச்சிப் பாத்திருக்கேன்" என்றாள் வடிவாம்பாள். "நான் போட்ட திருநீறுதானே. பூசாம இருந்திருக்கலாமோன்னு. அந்தப் புள்ள கட்டைய ஊனிக்கிட்டு இந்த வழியா போறப்ப உள்ள போயிருவேன்."

"ஐயோ அத்தை, அதெல்லாம் ஒண்ணுமில்ல. பஸ்காரன் வேகமா ஓட்டினான். நான் அதெல்லாம் நம்பல."

"நம்பலயா?"

"சத்தியமா நம்பல."

"நம்பாமதான் வர வேணாங்கிறியா?"

வடிவாம்பாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போட்டுக்கொண்டு வந்த பொத்தான்களைக் கீழிருந்து மேலாக அவிழ்க்கத் தொடங்கினாள். கடைசிப் பொத்தானை அவிழ்த்ததும் அங்கியைத் தோளிலிருந்து வாங்கி, தையலை ஒட்டி மடித்து, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றினாள்.

"கொண்டு போ. ஜெயபாலன் வெத்தல போடுவான். வாய கழுவிட்டுப் போடச் சொல்லு."

"அத்தை..."

"மாணிக்கம் பேரக் கூப்புடுவாங்களா?"

படிப்பகத்தில் அதை என்ன செய்யப் போகிறார்கள் என்று பூங்காவனம் கேட்டிருக்கவில்லை. "கூப்புடுவாங்க" என்றாள்.

"கூப்புட்டா யாரு போயி வாங்குறது? பேரக் கூப்புட்டு ஆளு இல்லாம இருந்தா நல்லாருக்காதும்மா."

"நான் போறேன் அத்தை."

"நீயா?"

"நான் போயி வாங்கிப் படத்துக்குப் போடுறேன். அப்புறம் வீட்டுக்குக் கொண்டாந்து தரேன்."

"உங்கப்பா?"

"நான் பாத்துக்கிறேன்."

வடிவாம்பாள் அவளை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் பத்திரிகைப் பொட்டலத்தை அவள் கையில் வைத்து, அது அவிழ்ந்துவிடாமல் மேலே ஒரு சணல் கயிறு கட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் படிப்பகத்தில் விழா. வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி கூவிக்கொண்டிருந்தது. வடிவாம்பாள் வழக்கமாக உட்காரும் முன்வரிசை நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அவள் வரமாட்டாள் என்பது தலைவரைத் தவிர மற்றப் படிப்பகத்தாருக்குத் தெரியும். நாற்காலியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வேறு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பூங்காவனம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அடுத்த வரிசையில் இருந்தாள். தன் பழைய கலியாணப் பட்டுப்புடவையைப் பொன்னம்மா அவளுக்குக் கட்டிவிட்டிருந்தாள்.

படிப்பகத் தலைவர் சிதம்பரநாதன் செட்டியார். மூன்று தலைமுறையாக மலாக்காவில் இருக்கிற குடும்பம். அவருக்கு எதுவும் முறைப்படி நடக்க வேண்டும். சென்ற வருஷத்து நிகழ்ச்சி நிரலையே எடுத்து, வருஷத்தை மட்டும் மாற்றி வாசிப்பார். அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"பெரியோர்களே, தாய்மார்களே. முதற்கண் அறிவிப்புகள். வருகிற ஆகஸ்டு மாதம் கோலாலம்பூரில் நம் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா. நம் ஜெயபாலன் பட்டம் வாங்குவதைப் பார்க்கப் படிப்பகத்தின் சார்பில் ஒரு பஸ் போகிறது. இடம் வேண்டுவோர் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். போன தடவை மாதிரி கோழிக்கூடையோடு யாரும் ஏறக்கூடாது."

சிரிப்பு எழுந்தது. யாரோ, "கோழி பட்டம் வாங்கப் போச்சி செட்டியாரே!" என்றார்கள்.

"அமைதி. அடுத்த மாதம் அங்குள்ள தமிழ் மாணவர்கள் நாடகம் போடுகிறார்கள். நம் பூங்காவனமும் அங்கே போய்ச் சேர்ந்திருப்பாள். அவளுக்கு வேஷம் கொடுத்தால் பார்க்கலாம்."

கலியாணசுந்தரம் மீசையைத் தடவிக்கொண்டார். பெயர் மேடையில் சொல்லப்பட்டுவிட்டது. இனி திருநீறு ஒன்றுதான் பாக்கி.

"இப்போது பாராட்டு" என்றார் செட்டியார். மேசைமேல் இருந்த முதல் மாலையை இரண்டு கையாலும் எடுத்தார். "காஜா பேராங்கின் முதல் பல்கலைக்கழக மாணவர், காலஞ்சென்ற செல்வன் மாணிக்கவாசகம்."

எல்லா வருஷமும் போலவே மாலையை ஏந்திக்கொண்டு நின்றார்.

யாரும் எழவில்லை. ஒலிபெருக்கியில் அவர் மூச்சுச் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து சிட்டிகள் குடியிருப்புப் பெண்மணி சீத்தாவின் குரல் வந்தது. பரம்பரையாக அங்கே வாழ்ந்து மலாய் பேசிப் பழகிய அவர்களுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. விழா மேளமும் பலகாரமும் பிடிக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் வந்துவிடுவாள். வடிவாம்பாளுக்கு அடுத்த வீட்டுக்காரி.

"மானா மாக் வடி? தாக் டாத்தாங் கா?"

வடிவு அம்மா எங்கே, வரவில்லையா என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கூடம் அமைதியாக இருந்ததால் அது மேடைவரை போயிற்று. எல்லோரும் முன்வரிசையில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

பூங்காவனம் புடவை மடிப்பைப் பிடித்தாள். கால்கள் தரையில் ஊன்றின. கலியாணசுந்தரம் அவள் பக்கம் திரும்பவில்லை. மேடையைப் பார்த்தபடியே, பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்:

"செத்தவன் மாலைய நீ வாங்கின, இங்கருந்து நேரா வீட்டுக்குத்தான்."

செட்டியார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "மாணிக்கவாசகம் சார்பில்..." என்று மறுபடியும் சொன்னார்.

பூங்காவனம் மடிப்பை விட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து 'டொக்' என்று சத்தம் கேட்டது. மறுபடியும் 'டொக்'. சேதுராமன் கட்டையை ஊன்றி, நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியாக வந்துகொண்டிருந்தான். மேடைப் படியில் அவனால் ஏற முடியவில்லை. செட்டியார் குனிந்து மாலையை நீட்டினார். வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். கட்டையைப் பிடிக்கக் கை வேண்டியிருந்தது. "ஐயையோ, கழுத்துல போட்டுக்கிட்டானே" என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னாள்.

"எனக்கு இன்னும் ஒரு காலு இருக்கு, வேணுமின்னா அதையும் எடுத்துக்கட்டும்" என்றான் சேதுராமன். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. ஜெயபாலன் அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றான். அது அவன் கரண்டைக்கால் வரைதான் வந்தது. "பூசைக்கு நேரமாச்சி பாதர்!" என்று பையன்கள் கத்தினார்கள். பூங்காவனத்தை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கலியாணசுந்தரம் அவள் நெற்றியில் திருநீறு பூசினார். அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இறங்கி வந்தபோது சேதுராமன் வழியில் நின்றான். மாலை அவன் கழுத்திலேயே இருந்தது.

"அந்தம்மா வீட்டுக்கு நீதானே தெனம் போற? இதக் கொண்டு போறியா?" என்று மெதுவாகக் கேட்டான்.

பின்னால் அப்பா வந்துகொண்டிருந்தார். பூங்காவனம், "அங்கிய நாளைக்கிக் கொண்டு போகணும்" என்றாள். அது அவன் கேட்டதற்குப் பதில் இல்லை.

"பரவால்ல லா. நீ படிக்கப் போற ஆளு" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பி நடந்தான்.

மறுநாள் அங்கியைக் கொடுக்கப் போனாள். மேசைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த மாணிக்கவாசகத்தின் படத்தில் அந்த மாலை கிடந்தது. ஒரு பக்கம் பூ நசுங்கியிருந்தது. மேசைமேல் அவள் விட்டுப்போன புத்தகங்களை வடிவாம்பாள் துடைத்து ஒரே சீராக அடுக்கியிருந்தாள்.

வேலி ஓரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சீத்தா பூங்காவனத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

வடிவாம்பாள் உரலில் மல்லி இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவில்லை.

"சேதுராமன் வந்தான். நீதான் மாலைய வாங்கிக் குடுத்தனுப்பினன்னு சொன்னான்."

பூங்காவனம் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சீத்தா வேற மாதிரி சொன்னா."

உலக்கை நின்றது. வடிவாம்பாள் உரலில் இருந்ததைக் கையால் கிளறிவிட்டாள்.

"நான் சேதுராமன் சொன்னதயே வெச்சிக்கிறேன்."

"அத்தை, அப்பா பக்கத்துல..."

"வேணாம். அத வுடு." அவள் மறுபடியும் உலக்கையை எடுத்தாள். "உனக்குக் காரு எப்ப வருது?"

"வெள்ளிக்கிழம காலையில. விடியறதுக்குள்ள கெளம்பிரணும்னாரு அப்பா."

"கொழா முக்கு வழியாத்தானே போகும்?"

"வேற வழி ஏது?"

"அந்நேரத்துக்குத்தான் நான் தண்ணிக்கு வருவேன். அதான் கேட்டேன். பாத்து வரணும்ல."

வடிவாம்பாள் இதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. மசாலாவுக்கு எவ்வளவு மல்லி என்று கணக்குப் போடுகிற குரல்தான். பூங்காவனம் அங்கியை மேசைமேல் வைத்தாள். கழுத்துப்பட்டையில் ஜெயபாலனின் வியர்வை பட்டு மஞ்சள் கலைந்திருந்தது. போய்வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வடிவாம்பாள் உலக்கையைப் போடத் தொடங்கிவிட்டாள். அந்தச் சத்தத்தில் சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பனி இறங்கியிருந்தது. கோலாலம்பூர் டாக்சி வாசலில் வந்து நின்றது. பொன்னம்மா அழுதாள். தம்பி தங்கைகள் தகரப் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். கலியாணசுந்தரம் மகளைக் கொண்டுபோய் விட, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறினார். ஏறுவதற்கு முன் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். பூனை, விறகுக் கட்டு, எண்ணெய்க்காரன் என்று எதுவும் எதிரே வரவில்லை.

"எடுங்க தம்பி. நல்ல நேரம்" என்றார்.

கார் மெல்ல நகர்ந்தது. பூங்காவனம் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வடிவாம்பாளின் வீடு வந்தது. எப்போதும் அந்த நேரத்துக்குத் திறந்திருக்கும் கதவு சாத்தியிருந்தது. இரண்டு ஜன்னல்களும் சாத்தியிருந்தன. உள்ளே வெளிச்சம் இல்லை. கீழே இறக்கிக் கட்டின விளக்கும் எரியவில்லை.

சந்து முனையில் கார் திரும்பியபோது கலியாணசுந்தரம் டிரைவரின் தோளைத் தொட்டார்.

"மெதுவா, மெதுவா. நிறுத்துங்க."

பொதுக்குழாயின் கீழே ஒரு வாளி இருந்தது. குழாய் திறந்திருந்தது. வாளி நிரம்பி, தண்ணீர் விளிம்பில் வழிந்து, மண்ணில் இறங்கி ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

"பாத்தியா பூங்கா? நெறகொடம்! நேரா எதிர்ல!" அவர் திரும்பி மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் இவ்வளவு நாளும் இல்லாத நிம்மதி இருந்தது. "இதவிட ஒரு சகுனம் இருக்கா? எங்கம்மா, இனி நீ எங்க போனாலும் ஒனக்கு ஒண்ணும் வராது. நல்லா பாத்துக்க."

பூங்காவனம் பார்த்தாள். நீல விளிம்பு வைத்த பீங்கான் பூச்சு வாளி. அடியில் ஓட்டை விழுந்து தார் வைத்து அடைத்தது. அவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, சத்தம் போடாமல் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் பின்பக்கம் போகிற வடிவாம்பாளின் கால்களை அவளுக்குத் தெரியும். வாளியிலிருந்து அவள் வீட்டுப் பக்கமாக ஈரக் காலடிகள் போயிருந்தன. ஓடினவளின் காலடிகள், இடையிடையே தூரம் அதிகமாக இருந்தது.

"யாரோட வாளிப்பா?" என்று கேட்கலாம். கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் காரைத் திருப்பச் சொல்வார்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்பா."

"கும்புட்டுக்க."

அவள் கையைக் கூப்பினாள். டிரைவர் காரை எடுத்தான். குழாயைத் திறந்தபடி விட்டவர்கள்மேல் சத்தம் போடுகிற மண்டோர் அன்றைக்கு இறங்கவில்லை. மறுபடியும் மறுபடியும் தலையைத் திருப்பி அந்த வாளியைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கார் பெரிய ரோட்டில் ஏறும்வரை குழாயை மூட யாரும் வரவில்லை.